முனைக்குத் தெரிந்த வழி

என் பெரியப்பா சாப்பிட உட்கார்ந்தால் இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழியத் தொடங்கும். காரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தயிர்சாதத்துக்கும் வழியும், வெறும் இட்லிக்கும் வழியும். வாய் மெல்லத் தொடங்கியதும் கண் நிறையும், கை கழுவ எழுந்தால் நின்றுவிடும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பதறிப்போய்ப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இவருக்கு முதலில் மோர் விடுங்கள்" என்பார். பெரியப்பா துண்டால் ஒற்றிக்கொண்டே சாப்பிடுவார். "பெண்ணைப் பெற்றவரே சிரித்துக்கொண்டு நிற்கிறார், நான் உட்கார்ந்து அழுகிறேன். என்னதான் நினைப்பார்களோ தம்பி" என்பார் என்னிடம். அவருக்கு அது வேடிக்கையாகிவிட்டது. பெரியம்மாவுக்கு ஆகவில்லை. விசேஷ வீடுகளில் அவரை ஓர இலையில் உட்காரவைப்பதிலேயே குறியாக இருப்பார்.

இதற்குச் சில மாதங்கள் முன்பு அவருக்கு முகவாதம் வந்திருந்தது. ஒரு நாள் காலையில் வாய் கோணிக்கொண்டது, இடது கண்ணை மூட முடியவில்லை, கொப்பளித்த தண்ணீர் ஓரமாக ஒழுகியது. பிறகு மெல்ல மெல்ல முகம் ஏறக்குறைய நேரானது. எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகுதான் இந்தக் கண்ணீர் ஆரம்பித்தது. பார்த்த மருத்துவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "நரம்பு திரும்ப வளர்ந்தபோது ஒயர் மாறிவிட்டது. எச்சிலுக்குப் போக வேண்டிய லைன் கண்ணீருக்குப் போய்விட்டது." உடற்கூற்றின்படி அது சரியான விளக்கம்தான். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் இழைகளும் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகும் இழைகளும் முகநரம்பில் கொஞ்ச தூரம் சேர்ந்தே வருகின்றன, பிறகு பிரிகின்றன. பிரியும் இடத்துக்கு முன்னால் நரம்பு பழுதாகி, இழைகள் மறுபடி வளரும்போது, சில இழைகள் கிளை மாறிப் போய்விடுகின்றன. நாக்கில் உணவு பட்டதும் எச்சில் ஊறட்டும் என்று மூளை அனுப்புகிற செய்தி கண்ணில் போய் இறங்குகிறது. பொகோராத் என்ற ரஷ்ய மருத்துவர் 1928இல் இதை விவரித்து எழுதினார். மருத்துவ நூல்களில் இதற்கு முதலைக் கண்ணீர் என்று பெயர். பெரியப்பாவிடம் இந்தப் பெயரைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

என்னை உறுத்திக்கொண்டே இருந்தது அந்த ஒயர்தான். ஒயர் தானாக வளர்வதில்லை. எலக்ட்ரீஷியன் ஒருவர் வருகிறார், இது மின்விசிறிக்கு, இது விளக்குக்கு என்று தெரிந்து இழுக்கிறார், மாற்றி மாட்டினால் அவரைக் கூப்பிட்டுத் திட்டலாம். பெரியப்பாவின் கன்னத்துக்குள் யாரைத் திட்டுவது? இரண்டாவது தடவை வளர்ந்தபோது தவறியது இருக்கட்டும். முதல் தடவை, தாயின் வயிற்றில், இதே இழைகள் இதே சுரப்பிகளுக்குப் பிசகாமல் போய்ச் சேர்ந்திருக்கின்றனவே, அது எப்படி? தவறியதற்கு விளக்கம் சொல்லிவிட்டார்கள். தவறாமல் போனதுதான் அதிசயம், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

எல்லாம் எழுதியிருக்கிறதா?

கேட்டால் படித்தவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: எல்லாம் டி.என்.ஏ.வில் எழுதியிருக்கிறது. ஒரு காலத்தில் எல்லாம் தலையில் எழுதியிருக்கிறது என்றவர்கள், எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும். கணக்கே உதைக்கிறது. மனித மரபணுக்கள் சுமார் 20,000. மூளையின் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. ஒவ்வொன்றும் எங்கே போக வேண்டும் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதுவதற்குக்கூட ஏட்டில் இடமில்லை. எழுதியிருக்கிறது என்றால் அது வரைபடமாக இருக்க முடியாது, வேறு ஏதோவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வேறு ஏதோவை முதலில் கண்ணால் கண்டவர் ஸ்பெயின் நாட்டு சந்தியாகோ ரமோன் இ கஹால். 1890இல், கோழிக் கருவின் தண்டுவடத்தை மெல்லிய சீவல்களாக அறுத்து, வெள்ளி உப்பால் கறுப்பேற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வளர்ந்துகொண்டிருக்கும் நரம்பிழைகளின் முனை வெறுமனே முடியவில்லை. கூம்பு போலப் பருத்து, ஓரங்களில் பிசிறு பிசிறாக விரிந்திருந்தது. அதற்கு வளர்கூம்பு என்று பெயர் வைத்தார். அவர் பார்த்ததெல்லாம் செத்து உறைந்த திசு, அசைவே இல்லாத சீவல். அதிலிருந்து, இந்த முனை உயிரோடு இருந்தபோது முட்டி மோதி வழி தேடிக்கொண்டு போயிருக்க வேண்டும், சேர வேண்டிய செல்கள் ஏதோ வேதிப்பொருளைக் கசியவிட்டு அதை ஈர்த்திருக்க வேண்டும் என்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஊகித்துவிட்டார். அந்த ஊகத்துக்கு நேரடிச் சான்று கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

முனை உண்மையிலேயே நகர்கிறது என்பதைக் காட்டியவர் ராஸ் ஹாரிசன். பால்டிமோரில், 1907இல், தவளைக் கருவின் நரம்புக் குழாயிலிருந்து ஒரு துண்டை எடுத்து, தவளையின் நிணநீர்த் துளியில் வைத்து, கண்ணாடித் தகட்டில் தொங்கவிட்டு, மெழுகால் மூடி, நுண்ணோக்கியில் பார்த்தார். இழை அவர் கண்முன்னே நீண்டது. இன்று அதே காட்சியை வேகம் கூட்டிய வீடியோவாக யாரும் பார்க்கலாம், நானும் அடிக்கடி பார்க்கிறேன். தட்டையான ஒரு முனை. அதன் விளிம்பிலிருந்து மெல்லிய நீட்சிகள் கிளம்பி, தடவி, சுருங்கி, இன்னோர் இடத்தில் கிளம்புகின்றன. பெரும்பாலானவை வெறுங்கையோடு திரும்பிவிடும். திடீரென்று ஒன்று எதையோ தொட்டுச் சுருங்காமல் நிற்கும். அது தடிக்கும். மற்றவை கரைந்து உள்ளே போகும். பின்னாலிருந்து, இழைக்கு உள்ளே சட்டம்போல நிற்கும் நுண்குழாய்கள் தடித்த பக்கமாக நுழையும். இழை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்பது அப்போதுதான் நமக்குப் புரியும். உண்மையான வேகத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் சில பத்து மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறுமா என்பது சந்தேகம்.

தலைகீழாகத் திருப்பிய கண்

1930களில் சிகாகோவில் பால் வைஸ் என்ற செல்வாக்கான விஞ்ஞானி இருந்தார். நரம்புகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது பெரிய விஷயமில்லை, இயங்க ஆரம்பித்தால் எல்லாம் தன்னால் ஒழுங்காகிவிடும் என்பது ஏறக்குறைய அவருடைய கட்சி. கட்சியை உடைத்தவர் அவருடைய மாணவரே, ராஜர் ஸ்பெரி. 1940களில் நீர்ப்பல்லியிலும் தவளையிலும் பார்வை நரம்பை அறுத்துவிட்டு, கண்ணை அதன் குழியிலேயே 180 பாகை திருப்பி வைத்தார். இந்த விலங்குகளில் பார்வை நரம்பு மறுபடி வளரும். வளர்ந்தது, பார்வை வந்தது. ஆனால் மேலே ஈ பறந்தால் தவளை கீழே பாய்ந்தது, முன்னால் வந்தால் பின்னால் திரும்பியது. எத்தனை முறை மண்ணைக் கவ்வினாலும் திருத்திக்கொள்ளவில்லை. அதாவது, கண் திரும்பியது பற்றி இழைகளுக்குக் கவலையே இல்லை. ஒவ்வொன்றும் மூளையில் தன் பழைய இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டது, தவளைக்கு அதனால் என்ன கதி என்று பார்க்கவில்லை. செல்கள் ஒவ்வொன்றும் ஏதோ வேதி அடையாளத்தைச் சுமக்கின்றன என்று ஸ்பெரி 1963இல் எழுதினார். (அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது இந்த வேலையல்ல, மூளையின் இரு பாதிகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள். எனக்கு என்னவோ இந்தத் தவளைகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.)

அடையாளம் என்றதும் மறுபடி அதே கணக்கு உதைக்கும்: இத்தனை இழைகளுக்கு இத்தனை அடையாளங்களா? தேவையில்லை என்று பிறகு தெரிந்தது. ஒரே பொருள் ஓரிடத்தில் அடர்த்தியாகவும் போகப் போக மெலிந்தும் இருந்தால், எவ்வளவு என்பதே எங்கே என்பதைச் சொல்லிவிடும். ஜெர்மனியின் டூபிங்கனில் ஃப்ரீட்ரிக் பான்ஹோஃபர் குழு 1987இல் செய்த சோதனை இதில் எனக்குப் பிடித்தது. கோழிக் கருவின் மூளையில் பார்வை இழைகள் சேரும் பகுதியின் முன்பக்கச் செல்சவ்வுகளையும் பின்பக்கச் செல்சவ்வுகளையும் மாற்றி மாற்றிக் கோடுகளாகப் பரப்பி, அதன்மேல் விழித்திரையின் இழைகளை வளரவிட்டார்கள். காதுப்பக்க விழித்திரையிலிருந்து வந்த இழைகள் முன்பக்கக் கோடுகளில் மட்டுமே நடந்தன. முன்பக்கம் அவற்றைக் கூப்பிடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பின்பக்கச் சவ்வுகளைச் சூடாக்கிக் கெடுத்ததும் இழைகள் எல்லாக் கோடுகளிலும் தாராளமாக நடந்தன. முன்பக்கம் கூப்பிடவே இல்லை, பின்பக்கம் துரத்திக்கொண்டிருந்திருக்கிறது. துரத்திய புரதங்கள் 1995இல் பிடிபட்டன, எஃப்ரின்கள் என்று பெயர். வழிகாட்டுதலில் பாதிக்கு மேல் இங்கே வராதே என்பதுதான் என்று எனக்கு அன்று உறைத்தது.

நடுக்கோட்டைத் தாண்டுவது

ஆனால் எனக்குள் இருந்த முடிச்சு அவிழ்ந்தது தண்டுவடத்தின் நடுக்கோட்டில். கருவின் தண்டுவடத்தில், முதுகுப் பக்கமாகப் பிறக்கும் ஒரு வகை நரம்பணுக்கள் தங்கள் இழையைக் கீழ்நோக்கி, வயிற்றுப் பக்கமாக அனுப்புகின்றன. அது நடுக்கோட்டின் அடியில் இருக்கும் செல்களுக்கு வருகிறது, அவற்றைத் தாண்டி மறுபக்கம் போகிறது, அங்கே மூளையை நோக்கித் திரும்புகிறது. நம் இடது கையின் வலி வலது மூளைக்குப் போவது இப்படிக் கடக்கும் இழைகளால்தான். கீழே ஈர்க்கும் பொருளைத் தேடி சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஆய்வுக்கூடம் ஏறக்குறைய 25,000 கோழிக் கருக்களின் மூளையை அரைத்து வடித்தது. 1994இல் நெட்ரின் என்ற புரதம் கிடைத்தது. பார்த்தால், நெளியத் தெரியாமல் தடுமாறும் பிறழ்வுப் புழுக்களில் பழுதாகியிருந்த ஒரு மரபணுவின் புரதமும் இதுவும் உறவு. ஒரு மில்லிமீட்டர் புழுவும் கோழியும் ஒரே ஏற்பாட்டைக் கையாள்கின்றன.

கஹால் ஊகித்தது கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் யோசித்தால் உதைக்கிறது. நடுக்கோடு அவ்வளவு இழுக்கிறது என்றால் வந்த இழை ஏன் அங்கேயே தங்கிவிடுவதில்லை? எது அதை வெளியே தள்ளுகிறது? தள்ளுவதும் நடுக்கோடுதான். அதே செல்கள் ஸ்லிட் என்ற விரட்டும் புரதத்தையும் சுரக்கின்றன. வரும்போது இழையின் முனைக்கு ஸ்லிட் உறைப்பதில்லை. பழ ஈயில் இது எப்படி என்று துல்லியமாகத் தெரியும்: ஸ்லிட்டை உணரும் ரோபோ என்ற ஏற்பியை, நடுக்கோட்டைக் கடக்கும்வரை இன்னொரு புரதம் முனையின் மேற்பரப்புக்கு வரவிடாமல் உள்ளேயே பிடித்து வைக்கிறது. கடந்ததும் பிடி விடுகிறது, ரோபோ மேலே வருகிறது, இதுவரை தெரியாத விரட்டல் உறைக்கத் தொடங்குகிறது. ரோபோ பழுதான ஈயில் இழைகள் நடுக்கோட்டைக் கடந்து, மறுபடி கடந்து, சுற்றிச் சுற்றி வருகின்றன. அதோடு, ரோபோ விழித்துக்கொண்டால் நெட்ரினின் இழுப்பையும் அது அணைத்துவிடுகிறது என்று 2001இல் தவளை நரம்பணுக்களில் காட்டினார்கள். நேற்றுவரை எதைத் தேடி வந்ததோ அதுவே இன்று அதற்கு ஒன்றுமில்லை. நடுக்கோடு எள்ளளவும் மாறவில்லை, வந்தவன்தான் மாறிவிட்டான். இன்னும் விசித்திரம், முனைக்குள் இருக்கும் சுழல் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூற்றின் செயல்பாட்டைக் குறைத்துவிட்டால் நெட்ரினை நோக்கித் திரும்பிய இழை நெட்ரினைவிட்டு விலகித் திரும்புகிறது. 1997இல் இதைத் தட்டில் செய்து பார்த்தார்கள். வா என்பதும் போ என்பதும் நெட்ரினில் எழுதியிருக்கவில்லை.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், பாடப்புத்தகம் அசையாமல் நிற்பதில்லை. நடுக்கோட்டிலிருந்து நெட்ரின் பரவி வந்து தூரத்து இழைகளை ஈர்க்கிறது என்ற படம் இருபது ஆண்டுகளுக்கு மேல் எல்லாப் புத்தகங்களிலும் இருந்தது. 2017இல் இரண்டு குழுக்கள் எலிக் கருவில் நடுக்கோட்டுச் செல்களில் மட்டும் நெட்ரினை நீக்கிப் பார்த்தன. இழைகள் பாட்டுக்கு வந்து கடந்து போயின. வழியோரத்து வேறு செல்கள் பதிக்கும் நெட்ரினை நீக்கியபோதுதான் நிறைய இழைகள் தடம் புரண்டன. இரண்டுக்கும் பங்கு உண்டு என்று அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சமரசம் ஆயிற்று. தூரத்திலிருந்து கேட்கும் அழைப்பு என்ற அழகான படத்துக்குப் பதிலாக, காலடியில் ஒட்டும் தரை வந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது ஒரு பழைய சோதனை, 1987இல் வந்தது. வில்லியம் ஹாரிஸ், கிறிஸ்டீன் ஹோல்ட், பான்ஹோஃபர் மூவரும் ஆப்பிரிக்க நகத்தவளையின் கருவில், கண்ணிலிருந்து மூளைக்குள் போய்க்கொண்டிருந்த இழைகளைச் சாயமேற்றி வீடியோவில் பின்தொடர்ந்தார்கள். பிறகு கண்ணையே எடுத்துவிட்டார்கள். நரம்பணுவின் உடல் கண்ணில் இருக்கிறது, அதன் உட்கரு அங்கே, டி.என்.ஏ. அங்கே (மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் துளி நீங்கலாக). எல்லாம் போய்விட்டது. பாதி வழியில் இருக்கும் இழையும் அதன் முனையும் மட்டும் மிச்சம். அவை நிற்கவில்லை. சில மணி நேரம் சரியான பாதையிலேயே வளர்ந்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, சேர வேண்டிய பகுதிக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னாளில் ஹோல்ட்டின் ஆய்வுக்கூடம், முனை தன்னிடம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும் ஆர்.என்.ஏ.விலிருந்து (டி.என்.ஏ.விலிருந்து எடுத்த நகல்) தனக்கு வேண்டிய புரதங்களை அங்கேயே செய்துகொள்கிறது என்றும், அதைத் தடுத்தால் நெட்ரினுக்குத் திரும்ப மறுக்கிறது என்றும் காட்டியது. எல்லாம் டி.என்.ஏ.வில் எழுதியிருக்கிறது என்று இனி யாராவது என்னிடம் சொன்னால், கண் இல்லாத அந்தக் கருவைத்தான் சொல்வேன். டி.என்.ஏ.வுக்குப் பங்கில்லை என்றில்லை. ஏற்பிகளையும் ஆர்.என்.ஏ.வையும் கொடுத்தனுப்பியது அதுதான். ஆனால் இந்தத் திருப்பத்தில் இடமா வலமா என்று யாரும் தலைமையிடத்தைக் கேட்கவில்லை. முனையும் அது மிதித்த தரையும் பேசித் தீர்த்துக்கொண்டன.

தரை மாறினால்

இதைப் படித்த பிறகுதான் பெரியப்பாவின் கண் எனக்குப் புரிந்தது. கருவில் முதல் இழைகள் புறப்படும்போது எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கின்றன. வெட்டுக்கிளிக் கருவின் காலில் முதலில் போகும் இழைகள் வழியில் இருக்கும் சில குறிப்பிட்ட செல்களைத் தொட்டுத் தொட்டுப் போகின்றன. 1983இல் அந்தச் செல்களில் சிலவற்றைக் கொன்று பார்த்தபோது முனைகள் திசை தெரியாமல் நாலாபக்கமும் கிளை விட்டு நின்றன. ஒழுங்காக இருக்கும்போது முன்னோடிகள் போன தடத்தைப் பிடித்துப் பின்னால் வருபவை போகின்றன, கரு பெரிதாகும்போது தடமும் கூடவே நீள்கிறது. அறுபது வயது முகத்தில் அந்தச் செல்கள் இல்லை, அந்தத் தூரங்கள் இல்லை. இருப்பது பழைய இழைகள் விட்டுப்போன உறைக்குழாய்கள். நரம்பு நசுங்கி மட்டும் இருந்தால் குழாய்கள் உடையாமல் இருக்கும், இழை தன் பழைய குழாயிலேயே வளர்ந்து, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வீடு போய்ச் சேரும். குழாயும் சிதைந்திருந்தால் எது முன்னால் வாய் திறந்திருக்கிறதோ அதற்குள் நுழையும். நுழைந்தால் கடைசிவரை போக வேண்டியதுதான். முனை தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்தது. ஸ்பெரியின் தவளைக்குத் தரையில் குறி இருந்தது, பெரியப்பாவின் கன்னத்தில் குழாய் மட்டும்தான்.

இதை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் அது போய்ச் சேர்ந்த இடத்தில் ஒழுங்காக வேலை பார்க்கிறது என்கிறாய்" என்றார். ஆமாம் என்றேன். கண்ணீர்ச் சுரப்பியில் போட்யூலினம் ஊசி போட்டால் சில மாதங்கள் நிற்கும் என்று இன்னொரு மருத்துவர் சொன்னபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். பெரியம்மா இன்றுவரை அதற்கு அவரை மன்னிக்கவில்லை.

தவறான இடம் என்று எதைச் சொல்வது என்பது மட்டும் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நெட்ரினை உணரும் ஏற்பியின் மரபணு பழுதானால் சிலருக்கு ஒரு கை செய்வதை மறு கையும் சேர்ந்து செய்யும் என்று 2010இல் கண்டுபிடித்தார்கள். வலது கையால் எழுதும்போது இடது கை விரல்களும் காற்றில் எழுதும். ஒரு பக்கத்துக்கு மட்டும் போக வேண்டிய கட்டளை இரு பக்கமும் போய்விடுகிறது. இது தவறு என்பதில் சந்தேகமில்லை, அவர்களுக்கு அன்றாடம் தொல்லை. ஆனால் ரோபோ குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மரபணு இரு பிரதிகளிலும் பழுதானவர்களை 2004இல் ஆராய்ந்தபோது, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பெரும் பாதை நடுக்கோட்டைக் கடக்கவே இல்லை என்று தெரிந்தது. நம் எல்லோருக்கும் வலது கையை இடது மூளை ஆட்டுகிறது, அவர்களுக்கு வலது கையை வலது மூளையே ஆட்டுகிறது. பல லட்சம் இழைகள் மொத்தமாகத் தவறான பக்கம் போயிருக்கின்றன, கையோ சட்டைப் பொத்தானைச் சாதாரணமாகப் போடுகிறது. முதுகெலும்பு மட்டும் வளர வளர வளைகிறது. கண்கள் பக்கவாட்டில் நகர்வதில்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரு பக்கம் திரும்ப மூளைத்தண்டின் இரு பாதிகளும் நடுக்கோட்டைத் தாண்டிப் பேசியாக வேண்டும். அவர்கள் சாலையைக் கடக்கும்போது, வருகிற பஸ்ஸைப் பார்க்கத் தலையையே திருப்பிக்கொள்கிறார்கள்.